நடுவில் வைக்க வேண்டிய சொல்

பிப்ரவரி 6, திங்கள்

ஆங்கில எழுத்து வகுப்பில் இன்றைக்கும் அதே சுவர் அட்டைதான். கூட்டிச் சொல்ல 'மேலும்', மறுத்துச் சொல்ல 'ஆனால்', காரணத்துக்கு 'ஏனெனில்', முடிவுக்கு 'ஆகவே'. ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஏழெட்டுச் சொல். முதுகலைப் பிள்ளைகள் அதைக் கைக்கு வந்தபடி தூவுகிறார்கள். ஒருத்தி ஒரே பத்தியில் ஏழு 'மேலும்' போட்டிருந்தாள். "எதுக்கும்மா இத்தனை?" என்று கேட்டேன். "மார்க் குறையக் கூடாதுன்னு டீச்சர்" என்றாள். அவளைச் சொல்லி என்ன? நான் மார்க் போடுவதும் அப்படித்தான்.

மதியம் சபர்கலி அகாய் கூப்பிட்டனுப்பினார். கால்நடை நோய்த் துறையின் தலைவர், ஆட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் சாரிப் காய்ச்சலைத் தடுக்க ஆடுகளுக்குப் போடும் ஊசி ஒன்றுக்காக இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர். மாமனாரும் அவரும் அக்தூமா பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே அவர்தான். மூத்தவர் என்ற மரியாதையில் எங்களுக்கெல்லாம் அவர் 'அகாய்'. அவருடைய ரஷ்யக் கட்டுரையை நான் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தோம். பதில் வந்திருக்கிறது. தள்ளிவிடவில்லை. "வாக்கியங்கள் தனித்தனியே நிற்கின்றன, கருத்துகளை இணைக்கும் சொற்கள் இல்லை, ஆறு வாரத்தில் திருத்தி அனுப்புங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள்.

அகாய்க்கு ஒரே சந்தோஷம். "இவ்வளவுதானா? இணைப்புச் சொல்தானே கேக்கறான்? உன் வகுப்புச் சுவத்துல தொங்குது. நாலு எடுத்துப் போட்டு அனுப்பு" என்றார்.

போட்டால் ஆயிற்று. கட்டுரையில் மூன்றாவது பெயர் என்னுடையது. ஜூனுக்குள் வெளிநாட்டுப் பத்திரிகையில் பெயர் வராத ஆசிரியர்களுக்கு ஒப்பந்தம் நீட்டிப்பதில்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பத்து வருஷ வேலை. இந்தக் கட்டுரையை விட்டால் எனக்கு வேறு கதி கிடையாது.

பிப்ரவரி 9, வியாழன்

முன்னுரை முடிந்தது. ஆய்வுமுறையும் முடிந்தது. எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. கடைசிப் பத்தியில் மாட்டிக்கொண்டேன். இரண்டே வாக்கியம்.

அக்தூமா, ஷிலிக்தி, கரமெந்தி ஆகிய மூன்று கிராமங்களிலும் வசந்தத்தில் எல்லா ஆடுகளுக்கும் தடுப்பூசி போடப்பட்டது. அந்த ஆண்டில் அங்கே மனிதர்களுக்கு வந்த சாரிப் காய்ச்சல் நாற்பத்தொன்றிலிருந்து பன்னிரண்டாகக் குறைந்தது.

நடுவில் என்ன போடுவது? 'ஆகவே'தான். வேறென்ன இருக்கிறது? ஆனால் கை போகமாட்டேன் என்கிறது.

ரஷ்ய மூலத்தில் இது உறுத்தவே இல்லையே. எங்கள் நிறுவனத்தில் அறிக்கை என்றாலே அப்படித்தான். செய்யப்பட்டது, குறைந்தது, நிறைவேற்றப்பட்டது. ஆஸ்பத்திரி வராண்டாவில் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் மாதிரி வாக்கியங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எதனால் எது என்று எவரும் எழுத மாட்டார்கள். எழுதாதவனை யாரும் பிடிக்க முடியாது. நானும் அப்படி எழுதி வளர்ந்தவள்தானே. எங்கேயோ இருக்கிற ஒரு வெளிநாட்டுக்காரன் அந்த இடைவெளியைப் பார்த்து, இங்கே என்ன என்று கேட்டுவிட்டான்.

பிப்ரவரி 10

'ஆகவே' போட்டேன். எடுத்தேன். திரும்பப் போட்டேன். சாப்பிடப் போகிறேன்.

பிப்ரவரி 17, வெள்ளி

கேட்டிருக்கவே கூடாது.

உல்பிகேயை உணவகத்தில் பிடித்தேன். அகாயிடம் வேலை செய்யும் கால்நடை மருத்துவர், கட்டுரையில் இரண்டாவது பெயர். மூன்று கிராமத்துக்கும் ஜீப்பில் போய் எண்ணிக்கையைக் கொண்டுவந்தவள் அவள்தான். ஊருக்கு எவ்வளவு என்று தனித்தனியாகச் சொல் என்றேன். முட்டைக்கோஸைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"எதுக்குக்கா இப்ப அது?"

"சொல்லு. ஒரு சொல் போடணும், அதுக்காகத்தான்."

சொன்னாள். அக்தூமாவில் பதினேழு ஒன்றாகியிருக்கிறது. ஷிலிக்தியில் பதிமூன்று ஒன்றாகியிருக்கிறது. கரமெந்தியில் பதினொன்று, பத்து.

"கரமெந்தில மட்டும் ஏன் குறையல?"

"அங்க நர்ஸ் இருக்காங்க."

எனக்கு உடனே ஏறவில்லை. பிறகு அவளே சொன்னாள். அக்தூமா நர்ஸ் போன வருஷம் ஏப்ரலில் அல்மாத்தி நகரத்துக்குப் போய்விட்டாள். ஷிலிக்தியிலும் அதே மாதம் காலி. காய்ச்சல் வந்தவன் படுத்துக் கிடந்தான், எழுந்தான், ஆடு மேய்க்கப் போனான். எழுதி வைக்க ஆள் இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரி வரைக்கும் போன இரண்டு பேர்தான் கணக்கில் வந்தார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பார்கள். இங்கே பழம் விழவே இல்லை. எண்ணுகிறவள் ஊரைவிட்டுப் போனாள், அவ்வளவுதான்.

"அகாய்க்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்க்கா. நர்ஸ் இல்லன்னும் தெரியும், நோய் குறைஞ்சதுன்னும் தெரியும். ரெண்டையும் சேர்த்து யாரும் பார்க்கல." அப்புறம் என்னை முறைத்தாள். "நீயும் பார்த்திருக்க வேணாம்."

பிப்ரவரி 24

இரண்டு வாக்கியமும் பொய்யில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. நடுவில் நான் வைக்கிற ஒரு சொல்தான் பொய். அதை வைப்பது அகாய் இல்லை, உல்பிகே இல்லை, நான்.

வைத்தால் என்ன ஆகும்? கட்டுரை வரும். மாகாணம் முழுக்க இந்த ஊசிதான், ஆட்டு ரத்தப் பரிசோதனையைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்று மாவட்ட அலுவலகம் இப்போதே பேசுகிறதாம். நோய் போய்விட்டது என்று நம்பி வெறுங்கையால் குட்டியை இழுத்துப் போடுவார்கள். காய்ச்சாத பாலைக் குடிப்பார்கள். வைக்காவிட்டால் எனக்கு வேலை போகும். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மார்ச் 8, புதன்

பெண்கள் தின விடுமுறை. அக்தூமாவுக்குப் போயிருந்தோம். என் கணவன் தௌலெத்துக்கு ரயில்வேயில் பதினைந்து நாள் வேலை, பதினைந்து நாள் ஓய்வு. இப்போது ஓய்வில் இருக்கிறான். போய்ப் பார்த்தால் மாமா ஆட்டை அறுத்திருக்கிறார், அகாய் வந்து உட்கார்ந்திருக்கிறார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆட்டுத் தலை, வழக்கப்படி மூத்த விருந்தாளியான அகாய் முன்னால் போயிற்று. காதை அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, கட்டுரையைப் பற்றி எல்லோருக்கும் சொன்னார். "கஷ்டமான வேலையெல்லாம் முடிஞ்சுது. நம்ம மருமக நாலு சொல் போடணும், அவ்வளவுதான் பாக்கி." மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கை கழுவுவதற்கு முன்னால், யாரும் கேட்காமலே, ஆசி கொடுக்க இரண்டு உள்ளங்கையையும் விரித்துவிட்டார்.

"மருமக கை எழுதினது கடல் தாண்டட்டும். என் சிநேகிதன் பேரு நிலைக்கட்டும். ஆமீன்."

எல்லோரும் கையை விரித்து முகத்தில் தடவிக்கொண்டார்கள். நானும் தடவிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? ஆசி கொடுத்த காரியத்திலிருந்து பின்வாங்கினால் கொடுத்தவர் முகத்தில் கரி பூசியதாகும். எங்கள் பக்கத்தில் அப்படிப் பின்வாங்கினவன் யாரும் இல்லை. இருந்தாலும் அவன் பெயரை எவரும் சொல்ல மாட்டார்கள்.

வரும் வழியெல்லாம் தௌலெத் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினான். ஜன்னலை இறக்கினேன், குளிருது ஏத்து என்றான். ஏற்றினேன்.

மார்ச் 13, திங்கள்

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அகாய் அறைக்குப் போனேன். ஊர் வாரியாகக் கணக்கெழுதிய தாளை முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போடாமலே பார்த்தார்.

"அகாய், ரெண்டு ஊர்ல எண்ணவே ஆள் இல்ல. 'ஆகவே' போட முடியாதுங்க."

"நான் எங்கயாவது 'ஆகவே'ன்னு எழுதியிருக்கேனா?"

"இல்லங்க."

"பக்கத்துல பக்கத்துல வெச்சேன். மத்தது படிக்கறவன் பாடு. இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் எழுதறேன், ஒருத்தன் என்னைப் பொய்யன்னு சொன்னதில்ல." குரலை உயர்த்தவே இல்லை அந்த மனுஷர். "அந்த ஊசி நல்ல ஊசி, கம்ஷாத். ஒரு வருஷக் கணக்கு சரியில்லன்னா ஊசி கெட்டுடுமா?"

நல்ல ஊசியாகக்கூட இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கே எப்படித் தெரியும்? அதைத்தானே கேட்கிறேன். கேட்காமல் தாளை மடித்தேன்.

எழுந்து நின்று என் தோளைத் தட்டினார். "இணைக்கறது உன் வேலை. என்கிட்ட ஏன் கேக்கற? உன் மாமனார் கை விரிச்சு ஆசி கொடுத்தாச்சு. போய் முடி."

மார்ச் 15

தௌலெத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு சொல்லுக்கா இந்தப் பாடு?"

"ஆமா."

"எல்லாரும்தானே எழுதறாங்க?"

"எல்லாரும் எழுதல. எல்லாரும் எழுதாம விடறாங்க. என்னைத்தான் எழுதச் சொல்றாங்க."

யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்பா மனசு உடையாம பார்த்துக்க, மத்தது உன் இஷ்டம்" என்றான். என் இஷ்டமாம். நாலு சுவரையும் கட்டிக் கொடுத்துவிட்டு உன் இஷ்டத்துக்கு உலாவு என்கிறான். கோபத்தில் தோலையெல்லாம் நானே வாரிக் குப்பையில் கொட்டினேன்.

மார்ச் 16

வேறு சொல் ஏதாவது இருக்குமா என்று அட்டை முழுக்கத் தேடினேன். 'அதே வேளையில்', 'இதைத் தொடர்ந்து'. பட்டும் படாமலும் நழுவ வசதியான சொற்கள். 'இதைத் தொடர்ந்து' போட்டுப் பார்த்தேன். படிப்பவன் அதை 'ஆகவே' என்றுதான் படிப்பான். எனக்குத் தெரியும், நான்தானே சொல்லிக் கொடுக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இன்னொரு கரண்டி சோறு போடுகிற வேலை.

மார்ச் 19, ஞாயிறு

நாளைக்குக் கெடு. இன்று காலையில் அந்தப் பத்தியைத் திருத்தி எழுதினேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இணைப்புச் சொற்கள் தானாக வந்து உட்கார்ந்தன.

"இவை இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தன. எனினும் மூன்றில் இரண்டு கிராமங்களில் ஏப்ரல் முதல் மருத்துவப் பணியாளர் இல்லாததால் நோயாளிகள் பதிவாகவில்லை. பணியாளர் இருந்த கிராமத்திலோ எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே உள்ளது. ஆகவே தடுப்பூசியின் பயனை இந்தத் தரவிலிருந்து முடிவு செய்ய இயலாது."

உல்பிகேக்கு அனுப்பினேன். "அனுப்பு. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்" என்று பதில் வந்தது. பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று. "அப்படிச் சொல்ல மாட்டேன்."

மார்ச் 20, திங்கள்

அகாயிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். மேலே ஆங்கிலம். அதன் கீழே அந்தப் பத்தியின் ரஷ்ய மொழிபெயர்ப்பு, தனித் தாளில். அவர் பள்ளியில் படித்தது ஜெர்மன், ஆங்கிலம் தெரியாது. ரஷ்யத் தாளை வைத்தது அவர் படிக்கட்டும் என்றுதான்.

"படிச்சுப் பாருங்க அகாய்."

"இணைச்சாச்சா?"

"இணைச்சாச்சு. கீழ ரஷ்யத்துலயும் இருக்கு, கட்டாயம் படிங்க."

"உன் மாமனார் ஆசி கொடுத்த காரியத்தை நான் சந்தேகப்பட்டுப் படிக்கணுமா?" சிரித்துக்கொண்டே ஒவ்வொரு தாளிலும் போட்டார். ரஷ்யத் தாளிலும்தான்.

அனுப்பிவிட்டேன். எதையோ சாதித்தவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். உண்மையில் என்ன செய்தேன்? அவருக்குப் புரியாத மொழியில், எங்கள் ஊரில் ஒருவரும் படிக்காத பத்திரிகையில் எழுதினேன். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் எழுதினேன். இதில் வீரம் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 11

குட்டி ஈனும் காலம். அகாய் எதிரில் வந்தால் படியில் இறங்கி வேறு வழியாகப் போகிறேன்.

மே 15, திங்கள்

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். "கருத்துகள் இப்போது தெளிவாக இணைந்துள்ளன. ஆசிரியர்களின் நேர்மையைப் பாராட்டுகிறோம்."

நான் பெயர்த்துச் சொல்லும்போது, 'ஏற்றுக்கொண்டோம்' என்ற ஒரு சொல்லோடு அகாய் கேட்பதை நிறுத்திக்கொண்டார். வராண்டாவில் மிட்டாய் வாரி இறைத்தார்கள். செயலாளர் அம்மா குனிந்து பொறுக்கி என் பையிலும் இரண்டு போட்டாள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் செய்தி வந்திருக்கிறது: நம் தடுப்பூசி நோயை ஒழித்ததை வெளிநாட்டு ஆய்விதழ் உறுதி செய்தது. கீழே மூன்று பெயர்.

நான் எழுதியது ஒன்று. என் பெயரில் ஊரெல்லாம் ஓடுகிறது வேறொன்று. முன்பாவது எழுதாமல் இருக்க வழி இருந்தது. இப்போது எழுதியும் மாட்டிக்கொண்டேன்.

மே 27, சனி

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

கட்டுரைக்காக அக்தூமாவில் மாமா வைத்த விருந்து. நண்பகலுக்கு முப்பது பேர் இருக்கும். அகாய் தலைமை இடத்தில், பக்கத்தில் மாவட்டக் கால்நடை அதிகாரி. உல்பிகேயும் வந்திருந்தாள். வழக்கப்படி ஒவ்வொருவராக எழுந்து வாழ்த்துச் சொன்னார்கள். அதிகாரி எழுந்து, இலையுதிர் காலத்திலிருந்து மாகாணம் முழுக்க இதே ஊசிதான், ரத்தப் பரிசோதனைக்காக ஆட்டை இழுத்து வரும் தொல்லையும் குறையும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

என் முறை வந்தது. நன்றி சொல்லி உட்கார்ந்துவிடலாம் என்று எழுந்தேன். அகாய் பையிலிருந்து அச்சடித்த கட்டுரையை எடுத்து நீட்டினார். "கடைசிப் பத்தியைப் படிம்மா. ஆங்கிலத்துல எப்படி இருக்குன்னு எல்லாரும் கேக்கட்டும்."

படித்தேன். ஒருவருக்கும் புரியவில்லை, எல்லோரும் தலையாட்டினார்கள். அதோடு விட்டிருப்பார்கள். மாமாதான் கேட்டார்.

"ராகமா இருக்கு. நம்ம பாஷைல சொல்லு மருமகளே."

ஒரே ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருந்தால் தீர்ந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தௌலெத் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எதிரில் ஷிலிக்திக்காரர் ஒருவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கறியை ஊட்டிக்கொண்டிருந்தார். எழுதியபடியே சொன்னேன். 'எனினும்' முதல் 'இயலாது' வரைக்கும்.

அகாய் கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் கையெழுத்துப் போட்டது இதுலயா?"

"ஆமாங்க அகாய். ரஷ்யத் தாளும் வெச்சிருந்தேன்."

"அதுலயும் போட்டேன், இல்ல?"

"போட்டீங்க."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இருபத்திரண்டு வருஷமும் அந்தத் தட்டில் கிடப்பதுபோல. எனக்கு அழுகை வந்தது. உல்பிகே எழுந்து, "கணக்கு நான் எடுத்தது, அவங்க சொன்னது சரி" என்றாள்.

மாமா அதிகாரி பக்கம் திரும்பினார். "நம்ம ஊர்ல நர்ஸ் இல்லாம ஒரு வருஷம் ஆச்சே. அப்ப எங்களை எண்ணினது யாருங்க?"

அதிகாரி டீ வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். அகாயும் அவர் காரிலேயே போனார்.

பாத்திரம் எடுக்க உள்ளே போனபோது மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். "உள்ளதைச் சொல்ல என் வீட்டு விருந்துதான் கிடைச்சுதா உனக்கு? என் சிநேகிதன் என் உப்பைத் தின்னுட்டிருக்கும்போதா?" அதுவும் நியாயம்தான்.

ஜூன் 12

விதிப்படி என்னை நீக்க முடியாது. கட்டுரை வந்துவிட்டதே. அதனால் பாடத்தையே நீக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு ஆங்கில எழுத்து வகுப்பு கிடையாதாம். சுவர் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 3

மாமா போனை எடுப்பதில்லை. தௌலெத் பேசினால் பேசுகிறார், என்னைப் பற்றிக் கேட்பதில்லை. பின்னல் வேலை செய்கிறேன். எனக்குப் பின்னத் தெரியாது.

ஆகஸ்ட் 21

ரயில்வே பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம், பாதி நேர வேலை. பூனை, நாய், மேஜை, நாற்காலி.

செப்டம்பர் 14, வியாழன்

காலையில் உல்பிகே போன் செய்தாள். அந்த அதிகாரி பயந்துபோய் மேலே எழுதியிருக்கிறார். ஊசி விரிவாக்கத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டு ஊருக்கும் நர்ஸ் போட்டாயிற்று. அக்தூமாவில் முதல் வாரம் ஒருவரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வரவில்லையாம். எல்லோரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அப்புறம் மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போயிருக்கிறார். பின்னாலேயே ஊரே போயிருக்கிறது.

"எத்தனை பேருக்குக் காய்ச்சல்?"

"இருபத்தாறு. முதல் பேரு உங்க மாமா."

எத்தனை நாளாகவோ அந்த நோய் மாமாவுக்கு இருந்திருக்கிறது, வயசு என்று நினைத்துக்கொண்டு ஆடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆறு வாரம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்கிறாள்.

செப்டம்பர் 19, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மாமாவின் எண். மே மாதத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. நலம்கூடக் கேட்கவில்லை.

"இந்த மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு மணி, பின்னாடி ரெண்டு மணி பால் கூடாதுங்கறா அந்த நர்ஸ் பொண்ணு. டீல ஊத்தறது கூடவாம். நிஜமா, இல்ல என்னைச் சோதிக்கறாளா?"

"நிஜம்தான் மாமா."

"அப்ப காலைல வெறும் டீயா? அதுக்கு அந்த நோவே தேவலாம்." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அவ்வளவு எழுதினியே, இதையும் ஒரு வரி எழுதியிருந்தா முன்னாடியே தயாரா இருந்திருப்பேன்ல."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. மாத்திரையை எழுந்தவுடனே போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பால் டீ குடிக்கச் சொன்னேன். சரி என்றார். சபர்கலி சனிக்கிழமை வருகிறான், நீயும் தௌலெத்தும் வந்துவிடுங்கள் என்றார். ரொட்டி மாவு பிசைய ஆள் இல்லையாம்.